வீட்டுத் திண்ணையில் கணக்குப் பாடம்

ஆண்டுதோறும் பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களின் புத்தகக் கடைகளில் கூட்டம் நெரிகின்றது. பள்ளியில் கேட்ட நூல்களையெல்லாம் வாங்கி முடித்த பின்னர், பெற்றோர் சிலர் சற்றுத் தயங்கி நின்று இன்னொன்றும் கேட்பதுண்டு: "சின்னப் பிள்ளைக்கு வீட்டிலேயே கணக்குச் சொல்லிக் கொடுக்க நல்ல புத்தகம் ஏதாவது இருக்கிறதா?" கடைக்காரர் வண்ணப் படங்கள் நிறைந்த நான்கைந்து ஏடுகளை எடுத்துப் போடுவார். விலை கூடியதே சிறந்தது என்றெண்ணி ஒன்றை வாங்கிச் செல்வர். ஆடி பிறப்பதற்குள் அந்த ஏடு பரணில் ஏறிவிடும்.

இக்கட்டுரை அப்பெற்றோருக்காகவே எழுதப்படுகின்றது. நான்கு வயது முதல் எட்டு வயது வரை உள்ள குழந்தைக்கு வீட்டில் கணக்குக் கற்பிக்க விரும்பும் தாயோ தந்தையோ எந்த நூலைத் தேர்ந்துகொள்வது, தேர்ந்த நூலைத் தம் இல்லத்திற்கேற்ப எவ்வாறு மாற்றி அமைத்துக்கொள்வது என்பதே நம் பொருள். பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் முழுவதும் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் நம் பகுதியில் மிகச் சிலவே. அத்தகையோர்க்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் மூன்று, ஐந்து, எட்டு ஆகிய வகுப்புகளுக்கு நிகரான தேர்வுகளை நடத்துகின்றது. எஞ்சிய நம்மில் பெரும்பாலோர் பகலில் பள்ளி, மாலையில் வீடு என்று வாழ்பவர்கள். இரு சாராருக்கும் கேள்வி ஒன்றே.

கொரோனா நோயை முன்னிட்டு 2020 மார்ச்சில் அடைக்கப்பட்ட நம் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் மீண்டும் திறந்தன. ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் வீடே பள்ளியாயிற்று. படித்த தாய்மாரும் கணக்கென்றால் கையைப் பிசைந்ததை அக்காலம் காட்டிவிட்டது. தமிழக அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'யையும், 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தையும் தொடங்கியது, அவ்விழப்பை ஈடுசெய்யும் பொருட்டேயாகும். ஆயினும் இழப்பின் வேர் நோய்க்காலத்திற்கும் முற்பட்டது என்பது நம் கருத்து.

இருவகைக் கணக்கு

1985-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் ஆய்வாளர் சிலர், தெருவில் தேங்காயும் சோளமும் விற்கும் ஏழைச் சிறுவர் ஐவரிடம் சென்று, வாடிக்கையாளரைப் போல் விலை கேட்டனர். பத்துத் தேங்காய் என்ன விலை என்றதற்கு, ஒரு சிறுவன் மூன்று தேங்காயின் விலையை எடுத்துக்கொண்டு, மூன்று மூன்றாய்க் கூட்டி ஒன்பதுக்கு வந்து, பிறகு ஒன்றைச் சேர்த்துச் சரியான விடையைச் சொன்னான். பத்தால் பெருக்க ஒரு சுழியம் சேர்த்தால் போதும் என்ற பள்ளி விதியை அவன் நினைக்கவேயில்லை. சிறுவர்கள் தெருவில் சொன்ன விடைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாயிருந்தன. அவ்வகைக் கணக்குகளையே வெறும் எண்களாக எழுதித் தாளும் பென்சிலும் கொடுத்தபோது நூற்றுக்கு முப்பத்தேழே சரியாயிருந்தன.

இது தொலைதூர நாட்டுச் செய்தி என்று தள்ளிவிடுவதற்கில்லை. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ ஆகியோர் அடங்கிய குழுவினர் கொல்கத்தாவிலும் டில்லியிலும் நடத்திய ஆய்வு 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. அங்கும் சந்தையில் வேலை செய்யும் சிறுவர் சிக்கலான வரவு செலவை மனத்திலேயே முடித்தனர். பாடநூற் கணக்கிலோ தடுமாறினர். அதற்கு நேர்மாறாக, பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கு முன்னே திகைத்து நின்றனர். ஆக, ஏட்டுக் கணக்கு ஒரு கரையிலும் வாழ்க்கைக் கணக்கு மறு கரையிலும் நிற்க, நடுவே பாலம் இல்லை.

நம் தோல் மண்டலத்தில் இதனைக் காண ஆய்வாளர் எவரும் வரவேண்டுவதில்லை. ஆம்பூர், வாணியம்பாடிச் சுற்றுப்புறங்களில் எத்தனையோ பெண்கள் ஷூவின் மேற்பாகத்தை, 'அப்பர்' என்று தொழிலில் சொல்லப்படுவதை, வீட்டில் அமர்ந்தபடி கையால் தைத்துக் கொடுக்கின்றனர். கூலி, ஜோடிக் கணக்கில் 'பீஸ் ரேட்டு'. ஜோடிக்கு ஒன்பது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதினேழு ஜோடி முடிந்திருக்கின்றது. தாய் தாளைத் தொடுவதில்லை. "பத்து ரூபாயென்றால் நூற்றெழுபது. ஜோடிக்கு ஒன்று குறைவு, பதினேழு போனால் நூற்றைம்பத்து மூன்று" என்று ஊசியை நிறுத்தாமலே சொல்லிவிடுகின்றாள். அதே பாயில் அவளுடைய மகள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏழொன்பது அறுபத்து மூன்று, மூன்று போட்டு மீதி ஆறு" என்று பதினேழையும் ஒன்பதையும் பெருக்கிக்கொண்டிருக்கின்றாள். இருவரும் செய்வது ஒரே கணக்கு. அதனை இருவருமே அறியார். "எனக்குக் கணக்கு வராது, அப்பாவிடம் கேள்" என்று தாய் சொல்கின்றாள். மகள் அதை நம்புகின்றாள்.

இதனால் வரும் கேடு சிறிதன்று. வேலை கொண்டுவரும் இடைத்தரகரின் நோட்டிலே எழுதப்பட்டிருப்பதைச் சரிபார்க்கத் தாயால் இயலவில்லை. மனக்கணக்கு தெரிந்தும், எழுத்துக் கணக்கின் வடிவம் அவளுக்குப் பழக்கமில்லை. மகளோ நோட்டைப் படிக்கத் தெரிந்தும், அந்த எண்கள் தன் வீட்டு அடுப்பெரியும் கூலி என்பதை உணராள். வீட்டில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் பெற்றோர் முதலில் கட்டவேண்டியது இவ்விரு கரைகளுக்கு இடையிலான பாலத்தையே. எந்த நூல் அதற்கு இடந்தருகின்றதோ அதுவே நல்ல நூல்.

எந்த நூல்?

கையில் இருப்பதிலிருந்தே தொடங்குவோம். தமிழ்நாடு அரசின் பாடநூல் முதல் வகுப்புக்கு 2018-இல் புதிதாக எழுதப்பட்டது. தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றது. கணினி வழியே விலையின்றிப் பெறலாம். எண்களோடு வடிவங்கள், அமைப்புகள், அளவைகள், காலம், தகவல்களை வகைப்படுத்தல் எல்லாம் அதில் உண்டு. உருளுவது எது, சறுக்குவது எது என்று கேட்கும் வடிவப் பாடத்தை, "இதிலென்ன கணக்கு?" என்று பெற்றோர் பலர் புரட்டிவிட்டு எண்களுக்கு ஓடுகின்றனர். அது தவறு. எண் பிறப்பதற்கு முன்னே ஒப்பிடுதலும் வகைப்படுத்தலும் பிறக்கவேண்டும்.

மத்திய நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கென 2023-இல் வெளியிட்ட 'ஜாய்ஃபுல் மேத்தமேட்டிக்ஸ்' நூலும் நன்று. விளையாட்டும் படமும் மிகுதி. ஆனால் தமிழில் எண்ணும் குழந்தைக்கு அதனைத் தாய் வாய்மொழியாகத் தமிழாக்கியே சொல்லவேண்டும்.

பயிற்சித்தாள் முறை ஒன்று உலகெங்கும் பரவியுள்ளது. அதன் பிறப்பு நம் பொருளுக்கு நெருங்கியது. 1954-இல் ஜப்பான் நாட்டில் டோரு குமோன் என்னும் கணித ஆசிரியர், இரண்டாம் வகுப்பில் கணக்கில் பின்தங்கிய தம் மகனுக்கு வீட்டிலேயே கற்பிக்க முனைந்தார். நாளொன்றுக்குச் சிறிதளவே, ஆனால் தவறாமல் நாள்தோறும் என்பது அவர் கொண்ட விதி. கையாலேயே பயிற்சித்தாள்களை எழுதினார். ஒரு தந்தை தம் ஒரு பிள்ளையைப் பார்த்து எழுதிய தாள்கள் அவை. அதனால்தான் பயன் தந்தன. இன்று அச்சிட்ட தாள்களை வாங்கி நம் பிள்ளைக்குக் கொடுக்கும்போது அந்த உயிர்நாடி அறுபட்டுப் போகக்கூடும். சிறிதளவு, நாள்தோறும் என்ற விதியை நாம் எடுத்துக்கொள்வோம்; தாள்களை நாமே எழுதிக்கொள்வோம்.

சிங்கப்பூர் அரசு 1980-களில் வகுத்த பாடத்திட்டம் மற்றொன்று. முதலில் கையில் பொருள், பின்னர் தாளில் படம், அதன் பின்னரே எண்ணும் குறியும் என்ற வரிசை அதன் சிறப்பு. அந்த நூல்களை விலைகொடுத்து வரவழைக்கவேண்டிய தேவையில்லை. வரிசையைக் கைக்கொண்டால் போதும். அரசுப் பாடநூலின் எந்தப் பக்கத்தையும் இவ்வரிசையில் நடத்தலாம்.

இப்பொழுது சிற்றூர்களிலும் பெருகியிருக்கும் மணிச்சட்ட வகுப்புகளைப் பற்றியும் ஒரு சொல். அவை விரைவைத் தருகின்றன; மேடையேறிப் பரிசு பெறவும் உதவுகின்றன. எப்பொழுது கூட்டவேண்டும், எப்பொழுது கழிக்கவேண்டும் என்பதை அவை கற்பிப்பதில்லை. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்காக அந்தக் கட்டணத்தைச் செலவிடுவதைவிட, அப்பணத்திற்குப் பாலும் முட்டையும் வாங்கலாம் என்பதே நம் துணிபு.

ஆகவே, அரசுப் பாடநூலே நடுத்தண்டாக இருக்கட்டும். ஆனால் எந்த வகுப்பு நூல்? இங்கேதான் பெற்றோர் இடறுகின்றனர். பிள்ளையின் வயதைப் பார்த்து நூலை எடுக்கின்றனர். பிள்ளை நிற்கும் இடத்தைப் பார்ப்பதில்லை. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒரே வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகக் கண்டு, அவரவர் நிலையில் பயிற்சி கொடுக்கின்றனர். அந்தப் பாகுபாடு வீட்டிற்கும் பொருந்தும்.

பிள்ளை நிற்கும் இடத்தை அறியத் தேர்வு வேண்டுவதில்லை. ஒரு பிடி புளியங்கொட்டை போதும். பன்னிரண்டு கொட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிய பின் அவற்றை அகலமாகப் பரப்பிவிட்டு, "இப்போது எத்தனை?" என்று கேளுங்கள். மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும் குழந்தை இன்னும் அரும்பே; அதற்கு எழுதும் கணக்கு வேண்டாம். பரப்பினாலும் பன்னிரண்டுதான் என்று சொல்லும் குழந்தையிடம், ஏழு கொட்டைகளைக் கைக்குள் மூடிக்கொண்டு, வெளியே ஐந்தை வைத்து, மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். ஏழிலிருந்து தொடர்ந்து, எட்டு, ஒன்பது என்று எண்ணினால் அது கூட்டலுக்கு அணியமாயிற்று. மூடிய கையைத் திறக்கச் சொல்லி அடம் பிடித்தால், இன்னும் சில வாரங்கள் கொட்டைகளோடு விளையாடட்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் வகுப்புப் புத்தகமா என்று அண்டை வீட்டார் கேட்கக்கூடும். கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஐம்பத்து மூன்று மணிகள்

மரிய மொந்தெசோரி அம்மையாரை நம்மில் பலர் பெயரளவில் அறிவோம். கத்தோலிக்கரான அவர் 1907-இல் உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939 நவம்பரில் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். உலகப் போர் மூண்டிருந்தமையால் தாயகம் திரும்ப இயலாமல் 1946 வரை இந்நாட்டிலேயே தங்கினார். இடையில் கோடைக்கானலிலும் வாழ்ந்தார். அவருடைய கணக்குக் கருவிகளில் தலைசிறந்தது பொன்மணிகள்: ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, பத்துக் கம்பிகள் சேர்ந்த நூற்றுச் சதுரம். இன்று அக்கருவியைக் கடையில் வாங்கப் பெருந்தொகை வேண்டும்.

ஆனால் அதையொத்த கருவி ஒன்று கத்தோலிக்கர் இல்லந்தோறும் சுவரில் தொங்குகின்றது! நம் முன்னோர் செபமாலையை 'ஐம்பத்து மூன்று மணிச் செபம்' என்றே அழைத்தனர். பத்துப் பத்தாய் ஐந்து கட்டுகள், தனியே மூன்று மணிகள். ஐந்து பத்துகளும் மூன்று ஒன்றுகளும் சேர்ந்தால் ஐம்பத்து மூன்று என்ற இடமதிப்புப் பாடம் அப்பெயரிலேயே அடங்கியிருக்கின்றது. மந்திரித்த செபமாலையை விளையாட்டுப் பொருளாக்க வேண்டாம். கடையில் சில்லறை மணிகளை வாங்கி, பத்துப் பத்தாக நூலில் கோத்துக் கொடுங்கள். அல்லது குழந்தையே கோக்கட்டும். இருபது கோவைகளும், பத்துப் பன்னிரண்டு உதிரி மணிகளும் இருந்தால் இரண்டாம் வகுப்பு வரையிலான கணக்கு முழுவதையும் நடத்திவிடலாம்.

பழைய நாளில் மூவகைத் தேவ இரகசியங்களையும் சேர்த்துச் சொல்வதை 'நூற்றைம்பத்து மூன்று மணிச் செபம்' என்பர். பதினைந்து கோவைகளையும் மூன்று மணிகளையும் குழந்தையின் முன் பரப்புங்கள். பத்துக் கோவைகளை ஒன்றாய்க் கட்டினால் நூறு. எஞ்சியவை ஐந்து கோவைகள், மூன்று உதிரிகள். பதினைந்து பத்துகளே ஒரு நூறும் ஐந்து பத்துகளுமாய் மாறுவதைக் குழந்தை தன் கையாலேயே காண்கின்றது. யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் சீடர் வலையில் அகப்பட்ட பெரிய மீன்களும் நூற்றைம்பத்து மூன்றே என்று சொல்லிப் பாருங்கள். அந்த எண்ணைப் பிள்ளை எளிதில் மறவாது. 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறைபொருள்களைச் சேர்த்த பின்னர் கட்டுகள் இருபதாயின. அது மூத்த பிள்ளைக்கான அடுத்த கேள்வி.

தமிழ் எண்ணுப் பெயர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்னும் பெயர்களில் பத்து தெரிவதில்லை. நம் பதினொன்றில் பத்தும் ஒன்றும் வெளிப்படையாய் நிற்கின்றன. உருதுவிலோ நூறு வரை உள்ள எண்களை ஏறத்தாழ ஒவ்வொன்றாய் மனனம் செய்யவேண்டும்; அண்டை வீட்டு உருதுக் குழந்தை அறுபதுகளில் தடுமாறினால் அதன் அறிவைக் குறை சொல்லாதீர்கள். ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளை 'தர்ட்டீன்', 'தர்ட்டி' என்பவற்றைக் காதால் பிரித்தறியாமல் விழிக்கும்போது, தாய் தமிழில் "பதின்மூன்று", "முப்பது" என்று சொல்லிக் கோவைகளைக் காட்டினால் குழப்பம் தெளிந்துவிடும். வீட்டுக் கணக்கு வீட்டு மொழியில் நடப்பதே முறை.

ஆயினும் தமிழிலும் ஒரு பள்ளம் உண்டு. எண்பத்தொன்பதுக்குப் பின் வருவது 'ஒன்பத்து' அன்று, தொண்ணூறு! அவ்வொலியில் நூறு கேட்கின்றது. எழுதச் சொன்னால் குழந்தை மூன்று இலக்கங்களைப் போட்டுவிடுகின்றது. பின்னால் தொள்ளாயிரத்திலும் இதே இடர் வரும். பாடநூல் இதற்கென்று தனிப் பக்கம் ஒதுக்குவதில்லை. நீங்கள் ஒதுக்குங்கள். ஒன்பது கோவைகளை வைத்து, இது நூறன்று, நூறாவதற்கு இன்னும் ஒரு கோவை குறைகின்றது என்று நாலைந்து நாள் காட்டினால் போதும்.

கழித்தலில்தான் பிள்ளைகளின் கண்ணீர் மிகுதி. 52-இல் 27 போக எவ்வளவு? 'கடன் வாங்கி'க் கழிக்கும் முறையைப் பள்ளி கற்பிக்கின்றது. கடைக்காரர் அப்படிச் செய்வதில்லை: இருபத்தேழிலிருந்து முப்பதுக்கு மூன்று, முப்பதிலிருந்து ஐம்பதுக்கு இருபது, மேலும் இரண்டு, ஆக இருபத்தைந்து என்று மீதியை எண்ணித் தருகின்றார். தாயும் அப்படியே எண்ணுகின்றாள். "இது தவறான வழி, டீச்சர் சொன்னபடி செய்" என்று தாயே பிள்ளையின் வாயை அடைத்துவிடுகின்றாள். அவ்வாறு செய்யாமல், தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் கடைக்காரர் வழியையும் மறுபக்கம் பள்ளி வழியையும் எழுதுங்கள். பள்ளி வழிக்குக் கோவைகளை எடுங்கள். ஐந்து கோவைகள், இரண்டு உதிரிகள். ஏழு உதிரிகளை எடுக்க வழியில்லை. ஆகவே ஒரு கோவையின் முடிச்சை அவிழ்த்துப் பத்து மணிகளைக் கொட்டுங்கள். இப்போது நான்கு கோவைகளும் பன்னிரண்டு உதிரிகளும். 'கடன்' என்ற சொல் இங்கே பொருந்தாது என்பது அப்போது விளங்கும். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. பத்து ரூபாய் நோட்டைச் சில்லறையாக்கினோம், அவ்வளவே. இரு பக்கமும் இருபத்தைந்தே வருவதைக் காணும் குழந்தையின் முகத்தைக் கவனியுங்கள்.

ஜோடியும் சதுர அடியும்

நூலில் வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பலூன், பட்டம், ஐஸ்கிரீம் என்றே இருக்கும். அவற்றை அடித்துவிட்டு உங்கள் ஊர்ப் பொருளை எழுதிக்கொள்ளத் தயங்காதீர்கள். நம் ஊரின் முதல் எண் ஜோடி. வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். ஒற்றை, இரட்டை என்னும் பாடம் அங்கேயே முடிந்தது. எட்டு ஜோடிக்கு எத்தனை செருப்பு என்பது இரண்டாம் வாய்பாடு. பதினாறு செருப்புக்கு எத்தனை ஜோடி என்பது வகுத்தல். வலது செருப்பையும் இடது செருப்பையும் தாளில் வைத்து வரைந்தால், ஒன்றை மடித்தால் மற்றொன்றாகும் சமச்சீர் வடிவம் புலனாகும்.

அடுத்தது பரப்பு. பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கின்றனர். ஆட்டுத்தோல் நேர்க்கோட்டு வடிவமுள்ளதா என்ன? கழுத்தும் காலும் வளைந்து நெளிந்த அவ்வுருவத்திற்குப் பரப்பை எவ்வாறு காண்பது? கட்டம் போட்ட நோட்டுத்தாளில் குழந்தை தன் உள்ளங்கையை வரைந்து, முழுக் கட்டங்களை எண்ணி, அரைக் கட்டங்களை இரண்டிரண்டாய்ச் சேர்க்கட்டும். தந்தையின் கையையும் அவ்வாறே எண்ணட்டும். தோலளக்கும் இயந்திரம் செய்வதும் ஏறத்தாழ இதுதான் என்று தொழிற்சாலையிலிருந்து திரும்பிய தந்தை சொன்னால், அப்பாவின் வேலையில் கணக்கிருக்கின்றது என்று பிள்ளை வியக்கும். அண்ணனோ அக்காளோ மேல்வகுப்பில் இருந்தால் ஷூ அளவையும் ஆராயலாம். ஐரோப்பிய அளவில் ஒரு புள்ளி என்பது மூன்றில் இரண்டு சென்டிமீட்டர். எனவே 42 என்பது 28 சென்டிமீட்டர் நீளத்தைக் குறிக்கும். ஆங்கிலேய அளவிலோ ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் மூன்றில் ஓர் அங்குலமே வேறுபாடு. பின்னக் கணக்கு எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை நம் ஊரில் இல்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். வீட்டுத் தொழிலைக் கொண்டு கணக்குக் கற்பிப்பது வேறு. பிள்ளையை அத்தொழிலில் உட்காரவைப்பது வேறு. இரண்டாவதைப் பாடம் என்ற பெயரால் நுழைய விடலாகாது. பதினான்கு வயது நிறையாதவரை வேலைக்கமர்த்துவதை 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் தடைசெய்கின்றது. சட்டம் ஒருபுறமிருக்க, தோல் ஒட்டும் சொலூஷனின் நெடி சிறு பிள்ளையின் மூச்சுக்கு ஆகாது. அறுத்தெறிந்த சுத்தமான துண்டுத் தோல் நான்கைந்து இருந்தால் எண்ணவும் அடுக்கவும் போதுமானது. ஊசியும் பசையும் பெரியவர்களிடமே இருக்கட்டும்.

தொன் போஸ்கோ எழுதிய கணக்கு நூல்

குருவானவர் கணக்கு நூல் எழுதுவாரா? புனித தொன் போஸ்கோ எழுதினார். அவர் வாழ்ந்த சார்தீனிய அரசில் 1850-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து மீட்டர் முதலிய பதின்ம அளவைகளே செல்லும் என்று சட்டமாயிற்று. ஊருக்கு ஓர் அளவென்று பழகியிருந்த உழவரும் கூலியாட்களும் சந்தையில் ஏமாற்றப்படுவர் என்பது தெளிவு. பதின்ம அளவை முறையை எளிமைப்படுத்தி அவர் எழுதிய சிறு நூலின் பதிப்பு 1849-இல் தூரின் நகரில் அச்சாயிற்று. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கையும் முதலில் விளக்கிவிட்டு, பின்னரே அளவைகளுக்கு வருகின்றார். கைவினைஞருக்கும் நாட்டுப்புற மக்களுக்கும் பயன்படும்பொருட்டு என்று தலைப்பிலேயே எழுதிவைத்தார். அத்துடன் நில்லாமல், புதிய அளவைகளை வைத்துச் சிரிப்பூட்டும் உரையாடல்களை எழுதித் தம் சிறுவர்களைக் கொண்டு மேடையிலும் நடிக்கச் செய்தார்.

1952-இல் தோன்றிய நம் வேலூர் மறைமாவட்டத்தின் மண்ணில் தொன் போஸ்கோவின் பிள்ளைகளான சலேசியர் ஆற்றிய கல்விப் பணியை நாம் அறிவோம். 1951-இல் திருப்பத்தூரில் அவர்கள் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி இன்றும் நிற்கின்றது. ஆனால் அத்தந்தை எளிய மக்களுக்கென்று கணக்கு நூல் இயற்றியதைச் சொல்வார் அரியர். நம் நாட்டிலும் அத்தகைய மாற்றம் நேர்ந்ததுண்டு. 1957 ஏப்ரல் 1 அன்று பதினாறு அணா ரூபாய், நூறு பைசா ரூபாயாயிற்று. இருபத்தைந்து பைசா நாணயம் 2011 ஜூனோடு செல்லாமற்போன பின்னரும் நம் பாட்டிமார் வாயில் 'நாலணா' வாழ்கின்றது. நாலணா என்றால் ஏன் இருபத்தைந்து பைசா என்று பேரக்குழந்தை பாட்டியிடம் கேட்கட்டும். காலும் அரையும் முக்காலும் அந்த உரையாடலிலேயே வந்துவிடும்.

எவ்வளவு நேரம்?

ஐந்து வயதுக்குப் பத்து நிமிடம், ஏழெட்டு வயதுக்கு இருபது நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். இரவு உணவுக்குப் பின் தூக்கக் கலக்கத்தில் நடத்தும் பாடம் பாடமாகாது. ஷிப்டு வேலையில் உள்ள தந்தைக்கு வார நாளில் இயலாவிடில், ஞாயிறு திருப்பலிக்குப் பின் அரை மணி நேரம் அவருடையதாய் இருக்கட்டும். கடைக்கு அழைத்துச் சென்று மீதிச் சில்லறையைப் பிள்ளையே எண்ணி வாங்கச் செய்தால் அதுவே பாடம்.

நேரம் குறைவென்று அஞ்சுவோருக்கு ஒரு பழைய செய்தி. 1929-இல் அமெரிக்க நாட்டின் மான்செஸ்டர் என்னும் ஊரில், துணியாலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் நிறைந்த அந்த ஊரில், பெனசெட் என்ற கல்வி அதிகாரி சில வகுப்புகளில் முறையான எழுத்துக் கணக்கை ஆறாம் வகுப்பு வரை ஒத்திவைத்தார். அதற்கீடாகப் பேசுதல், அளத்தல், மதிப்பிடுதல் ஆகியவற்றையே நடத்தினார். ஆங்கிலம் தாய்மொழியல்லாத குடியேறிகளின் பிள்ளைகள் அவர்கள். பின்னர் தொடங்கியும், ஓராண்டிற்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்தனர் என்று அவர் எழுதினார். ஓர் அதிகாரி தம் முயற்சியைத் தாமே மதிப்பிட்டதாகையால் அதனை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. நம் பள்ளித் தேர்வுகள் அதற்கு இடமும் தரா. முன்பருவத்தில் வாய்க்கணக்கிலும் அளவையிலும் செலவிடும் நேரம் வீணன்று என்பதற்கே இதைச் சொன்னோம்.

விடை தவறும்போது, "எப்படிச் செய்தாய், சொல்" என்று கேளுங்கள். விடை சரியானபோதும் அதையே கேளுங்கள். தவறினால் மட்டும் கேட்டால், அக்கேள்வியே தவற்றின் அடையாளம் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். தாய் தன் கூலிக் கணக்கையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எண்ணட்டும். நாள்தோறும் கொடுத்த ஜோடியையும் பெற்ற தொகையையும் ஒரு தனி நோட்டில் எழுதும் பொறுப்பை ஏழு வயதுப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். வாரக் கடைசியில் தாய் மனக்கணக்காய்ச் சொல்லும் தொகையும் பிள்ளை தாளில் கூட்டிய தொகையும் ஒத்து வருகின்றனவா என்று பாருங்கள். ஒத்து வந்தபின் இடைத்தரகரின் நோட்டோடும் ஒப்பிடலாம்.

மே மாத விடுமுறையில் பாடநூலை மூடிவைத்துவிட்டுப் பல்லாங்குழியை எடுங்கள். பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. விளையாட்டு தொடங்குமுன் மொத்தம் எத்தனை கொட்டை வேண்டும் என்று கேட்டால், சில பிள்ளைகள் ஐந்தைந்தாய் எண்ணும்; சில பிள்ளைகள் எதிரெதிர்க் குழிகளைச் சேர்த்து, "ஏழு பத்து, எழுபது" என்று சொல்லும். இவ்விரண்டாவது விடையைச் சொன்ன பிள்ளைக்கு ஜூனில் அடுத்த வகுப்பு நூலைத் தரலாம்.